செப்ஸ்டோ கோட்டை, சுமார் 1810: கோவைக் கடையில் விலைக்கு வந்திருக்கும் ஆங்கில நீர்வண்ணம்

ஊட்டி, குன்னூர், வால்பாறைப் பக்கத்துப் பங்களாக்களின் பழைய சாமான்களை எடுத்து விற்கும் கோவைக் கடை ஒன்றில் இப்போது ஓர் ஆங்கில நீர்வண்ணப் படம் தொங்குகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் எல்லையில் ஓடும் வை ஆற்றின் கரையில், செங்குத்தான பாறை மேல் நிற்கும் செப்ஸ்டோ கோட்டை. தாள் 24.5 செ.மீ. உயரம், 35 செ.மீ. அகலம். கையொப்பம் கிடையாது. கூடவே தொங்கும் விலைச்சீட்டில் மூன்று விவரங்கள் இருக்கின்றன: காலம் சுமார் 1780, பால் சாண்ட்பி வட்டத்தைச் சேர்ந்தது, காட்சி, இலையுதிர் காலத்து அந்தி. விலை 1,40,000 ரூபாய்.

படம் இருநூறு வருஷத்துப் பழையதுதான். அச்சும் இல்லை, பின்னாளில் பழசாக்கிய போலியும் இல்லை. ஆனால் சீட்டில் எழுதிய மூன்று விவரமும் தவறு. முதல் இரண்டும் இந்த வியாபாரத்தில் சாதாரணமாக நடக்கிற தவறுகள். மூன்றாவதுதான் விலையைத் தீர்மானிக்கிறது, ஆகவே அதை விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலில் காலம். கடையில் கேட்டதும் தயங்காமல் பின்பலகையைக் கழற்றிக் காட்டினார்கள். அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். தாள் மேல் ஓரத்தில் மட்டும் பின்னாலுள்ள பழைய அட்டையோடு ஒட்டியிருக்கிறது, கீழ்ப்பக்கம் விடுபட்டிருக்கிறது. மெல்ல உயர்த்தி, பின்னாலிருந்து செல்போன் விளக்கைக் காட்டினால் வலது கீழ்மூலையில் நீர்க்குறி தெரிகிறது: வாட்மன் என்ற பெயரின் பின்பாதி, அதன் கீழே 1805. பெயரின் முன்பாதி தாளை வெட்டியபோது போய்விட்டது. கென்ட் மாவட்டத்து மெய்ட்ஸ்டோனில் இருந்த டர்க்கி மில்லில் ஜேம்ஸ் வாட்மன் தொடங்கிய காகிதப் பெயர் அது. மகன் வாட்மன் 1794இல் ஆலையை விற்று, 1798இல் இறந்தார். பெயருக்கு இருந்த மதிப்பால் அடுத்து வந்தவர்களும் அதே நீர்க்குறியைத் தொடர்ந்தார்கள். 1794இல் வந்த காகித வரிச் சட்டத்துக்குப் பிறகு ஆங்கிலத் தாள்களில் வருஷம் போடுவது வழக்கமாயிற்று. ஆக இந்தத் தாள் 1805க்கு முன் இருந்திருக்கவே முடியாது; 1780 என்பது அங்கேயே விழுந்துவிடுகிறது.

நீர்க்குறியின் வருஷம் கீழ் எல்லையை மட்டும் சொல்லும். தாளைப் பத்து வருஷம் பெட்டியில் வைத்திருந்து எழுதியவர்களும் உண்டு. மேல் எல்லைக்குப் படத்துக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. இடப்பக்கம், கோட்டைக்குக் கீழே, உயரமான கால்கள் மேல் மரப்பலகை போட்ட பழைய பாலம் தெரிகிறது. செப்ஸ்டோவில் கடல் ஏற்றவற்றத்தின் வீச்சு உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. பத்து மீட்டருக்கு மேல் நீர் ஏறி இறங்கும். அதனால்தான் பாலத்துக்கு அவ்வளவு உயரமான கால்கள். 1816இல் அந்த இடத்தில் வார்ப்பிரும்பு வளைவுப் பாலம் வந்துவிட்டது. நேரில் பார்த்து எழுதிய படமானால் 1805க்கும் 1816க்கும் நடுவில் எழுதியது. வேறொரு படத்தைப் பார்த்து எழுதியதானால் இன்னும் சில வருஷம் தள்ளலாம். சுமார் 1810 என்று வைத்துக்கொள்வது நியாயம்.

இனி சாண்ட்பி. பால் சாண்ட்பி 1731இல் பிறந்து 1809இல் மறைந்தவர். ஆங்கில நிலக்காட்சி நீர்வண்ணத்துக்கு வழி போட்டவர்களில் முதல் வரிசை. 1768 முதல் ஏறக்குறைய முப்பது வருஷம் ஊல்விச் ராணுவக் கழகத்தில் தலைமை ஓவிய ஆசிரியராக இருந்தார். பீரங்கிப் படை அதிகாரிகளும் பொறியாளர்களும் நிலத்தைப் பார்த்து வரையக் கற்றது அப்படிப்பட்ட ஆசிரியர்களிடம்தான். 1809இல் கிழக்கிந்தியக் கம்பெனி அடிஸ்கோம்பில் தன் ராணுவப் பள்ளியைத் தொடங்கியபோதும் ஓவியம் பாடத்திட்டத்தில் இருந்தது. சேலம், கோவை, நீலகிரி ஜில்லாக்களுக்கு வந்த அதிகாரிகள் பலரின் பெட்டியில் வண்ணக் கட்டிகளும் பழைய பயிற்சிப் படங்களும் இருந்ததற்கு இதுவே காரணம். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறியது 1819இல். அதற்குப் பின் மலையில் எழுந்த வீடுகளுக்கு இங்கிலாந்திலிருந்து சாமான் வந்தபோது இத்தகைய படங்களும் சேர்ந்து வந்தன.

ஏல மொழியில் 'வட்டம்' என்றால் அந்த ஓவியரோடு நெருங்கிப் பழகிய, அவர் காலத்திலேயே வேலை செய்த ஒருவர் என்று பொருள். 'பின்பற்றியவர்' என்றால் அவர் பாணியில் எழுதியவர். காலம் பின்னால்கூட இருக்கலாம். 'பாணியில்' என்று மட்டும் போட்டால் பாணிக்கு மேல் எந்த உறுதியும் தரவில்லை. இந்தப் படத்துக்கு 'வட்டம்' பொருந்தாது. சாண்ட்பியும் அவரைச் சேர்ந்தவர்களும் பேனாக் கோட்டால் உருவத்தைக் கட்டி, சாம்பல் வாஷில், அதாவது நிறைய நீர் கலந்த மெல்லிய பூச்சில், நிழல் போட்டு, பிறகு மெல்லிய வண்ணம் பூசுவார்கள். இங்கே பேனாக் கோடே இல்லை. பென்சில் கோடு, அடியில் லேசான சாம்பல் நிழல், மேலே அகலமான பிரஷ்ஷால் நேராக வைத்த வண்ணம். 1790களின் கடைசியில் தாமஸ் கர்ட்டின் பரப்பிய முறையின் பாதிப்பு இது. கர்ட்டின் 1802இல் இருபத்தேழு வயதில் இறந்துவிட்டார். அதற்குள் வழி மாறியிருந்தது.

கை யாருடையது? நல்ல ஆசிரியரிடம் படித்த ஒரு மாணவர், அல்லது ஓய்வு நேரத்தில் எழுதும் ஒரு அதிகாரி என்றே படுகிறது. பாறை அருமையாக வந்திருக்கிறது: ஈரம் காய்வதற்குள் இரண்டாம் நிறத்தை இறக்கி, சுண்ணாம்புப் பாறையின் வெடிப்பை அப்படியே பிடித்திருக்கிறார். கோட்டைச் சுவரில் கோடு தயங்குகிறது, நின்று நின்று போகிறது. கண்ணால் கட்டடத்தைப் பார்த்து எழுதுபவரின் கோட்டில் ஒரு திருத்தமாவது இருக்கும். இங்கே திருத்தமே இல்லை. மாதிரியைப் பார்த்து எழுதியவரின் அடையாளம் அது. படகுகளின் நிழல் தண்ணீரில் தவறான சாய்வில் விழுகிறது. மரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வளையக் கிறுக்கல். அந்தக் கால ஓவிய ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்த சூத்திரம். மாதிரி பார்த்து எழுதுவதை அந்நாளில் யாரும் இழிவாக நினைக்கவில்லை. லண்டனில் டாக்டர் தாமஸ் மன்ரோ வீட்டில் டர்னரும் கர்ட்டினுமே 1790களில் மாலை மாலையாக ஜே. ஆர். கசன்ஸ் என்ற மூத்த ஓவியரின் கோட்டுப் படங்களைப் பிரதி எடுத்திருக்கிறார்கள். அதனால் பிரதி என்பதற்காக இந்தப் படத்தை ஒதுக்க வேண்டியதில்லை. பெயரில்லாத பிரதி என்ற இடத்தில் விலை நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது வானத்துக்கு வருவோம்.

கடையில் இதைச் சாயங்கால வெளிச்சம் என்கிறார்கள். பார்த்தவுடன் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வானம் முழுக்க இளஞ்சிவப்பு, மேகங்கள் செங்கல் கலந்த பழுப்பு, மரங்கள் துருப்பிடித்த பொன்னிறம். அழகாகவும் இருக்கிறது. ஆனால் இதை எழுதியவர் இந்த வானத்தைப் பார்த்ததே இல்லை. அவர் எழுதியது நீல வானம். நீலம் போய்விட்டது.

ஆதாரம் மவுண்ட் அட்டைக்கு, அதாவது படத்தின் முன்னால் ஜன்னல் போல வெட்டி வைத்த அட்டைக்கு, அடியில் இருக்கிறது. படத்தின் மேல் ஓரத்திலும் இடது ஓரத்திலும் சுமார் 4 மி.மீ. அகலத்துக்கு அட்டை மூடியிருந்த பட்டையில், வானம் இன்றும் சாம்பல் கலந்த நீலம். இடது பட்டையில் மரம் பச்சை. அட்டையின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே கோடு போட்டது போல நீலம் நின்று இளஞ்சிவப்பு தொடங்குகிறது. வெளிச்சம் படாத இடத்தில் இருந்த நிறம் இருக்கிறது; பட்ட இடத்தில் இல்லை. கொங்கு நாட்டில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை: சாயம் போயிருக்கிறது.

காரணம் இதுதான். அந்தக் கால ஓவியர்கள் மேகத்தின் சாம்பல் நிறத்துக்கு அவுரி நீலத்தோடு இந்தியச் சிவப்பு என்ற காவி வகையைக் கலந்தார்கள். வானத்துக்கு முதலில் காவி கலந்த மெல்லிய வாஷ், அதன் மேல் அவுரி நீலம். காவி இரும்பு ஆக்சைடு; ஆயிரம் வருஷம் வெயிலில் கிடந்தாலும் அசையாது. அவுரி நீலம் தாவரச் சாயம். ஒளியும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்தால் அது உடைந்து ஐசாட்டின் என்ற, நிறமே இல்லாதது போன்ற வெளிர்மஞ்சள் பொருளாகிறது. சாம்பலிலிருந்து நீலத்தைக் கழித்தால் மிஞ்சுவது சிவப்பு. இலைகளுக்கும் இதே கதி. பச்சைக்கு அவுரியோடு காம்போஜ் என்ற மஞ்சள் பிசினையோ, சுட்ட சியன்னா மண்ணையோ கலப்பார்கள். அவுரி போனால் மரம் 'இலையுதிர் காலத்துக்கு' வந்துவிடும். விலைச்சீட்டு சொல்லும் அந்தியும் இலையுதிர் காலமும் ஒரே சேதத்தின் இரண்டு முகங்கள்.

துணியில் அவுரிச் சாயம் நிற்கிறதே என்று சென்னிமலை, பவானிப் பக்கத்து நெசவுக்காரர்கள் கேட்கலாம். தொட்டியில் முக்கி முக்கி எடுக்கும்போது சாயம் நூலுக்குள் ஏறி, தடிமனாகச் சேர்கிறது. மேல் அடுக்கு வெளுத்தாலும் உள்ளே இருப்பு இருக்கும். தாளில் இருப்பதோ வேலம்பிசினில் குழைத்து, நிறைய நீர் விட்டு இழுத்த ஒரே ஒரு மெல்லிய படலம். அதற்குப் பின்னால் இருப்பு எதுவும் கிடையாது. திருப்பூர் சோதனைக் கூடங்களில் துணியின் ஒளித்தாங்கலை அளக்க வைத்திருக்கும் எட்டுப் படி நீலக் கம்பளித் துண்டுகளையே அருங்காட்சியகங்களும் நீர்வண்ணங்களுக்குப் பயன்படுத்துகின்றன. அந்த அளவுகோலில் மெல்லிய அவுரி வாஷ் கீழ்ப்படிகளில்தான் நிற்கும். இங்கிலாந்திலேயே இது பெரிய விவாதமாகி, ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு அறிவியலாளர்கள் 1888இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார்கள். ஒளியோடு காற்றும் ஈரமும் சேரும்போதுதான் பெரும்பாலான நிறங்கள் வெளுக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். மலைப் பங்களாவின் பனி ஈரத்தில், ஜன்னலுக்கு எதிரே தொங்கிய படத்துக்கு இரண்டுமே தாராளமாகக் கிடைத்திருக்கும்.

வெளிச்சத்தின் திசையும் அந்திக் கதைக்கு ஒத்துவரவில்லை. எதிர்க்கரையில் நின்று கோட்டையைப் பார்ப்பவர் தென்மேற்கு நோக்கி நிற்கிறார். அந்தி வெயில் கோட்டைக்குப் பின்னாலிருந்தோ வலப்பக்கத்திலிருந்தோதான் வர முடியும். படத்தில் சுவர்களுக்கு ஒளி இடப்பக்கத்திலிருந்து விழுகிறது, அப்படியானால் காலை. ஆனாலும் இந்தச் சாட்சியை மட்டும் நம்பக் கூடாது. அறைக்குள் உட்கார்ந்து எழுதுபவர்கள் இடப்பக்க ஒளியை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டார்கள். அட்டைக்கு அடியில் இருக்கும் நீலப் பட்டை ஒன்றே போதுமான சாட்சி.

வெளுத்த நிறம் திரும்ப வராது. கழுவினாலும் வராது, எந்த மருந்தாலும் வராது. யாராவது 'வானத்தின் நீலத்தை மீட்டுத் தருகிறேன்' என்றால் மேலே புதுச் சாயம் பூசப்போகிறார் என்று பொருள். அப்படிப் பூசிய படம், வெளுத்த படத்தைவிடக் கீழான விலைக்குத்தான் போகும். ஆகவே நிறத்துக்காக இந்தப் படத்தை வாங்க வேண்டாம். பாறைக்காகவும், தொலைவில் நதி வளையும் இடத்தில் விட்டிருக்கும் வெள்ளைத் தாளின் ஒளிக்காகவும், பழைய மரப்பாலத்துக்காகவும் வாங்கலாம். அந்த இடங்களில் அவுரி நீலத்துக்கு வேலை இல்லாததால் எழுதியவர் நினைத்தது இன்னும் அப்படியே நிற்கிறது.

வெள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னிலையில் இருக்கும் பாய்மரப் படகின் பாயில் மூன்று இடத்தில் கெட்டியான வெள்ளை வைத்திருக்கிறது. 1810இல் நீர்வண்ணம் எழுதியவர்கள் வெள்ளைக்குத் தாளை விட்டுவைப்பார்கள், அல்லது காய்ந்த பிறகு கத்திமுனையால் சுரண்டுவார்கள். ஈய வெள்ளையை வைத்தால் காற்றில் இருக்கும் கந்தகம் பட்டு நாளடைவில் கறுத்துவிடும். கறுக்காத துத்தநாக வெள்ளை 'சைனீஸ் ஒயிட்' என்ற பெயரில் நீர்வண்ணக்காரர்கள் கைக்கு வந்தது 1834இல். இந்த மூன்று புள்ளிகளும் புற ஊதா விளக்கில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்கின்றன. துத்தநாகத்தின் ஒளிர்வு அது. ஆக யாரோ பின்னாளில் பாய்க்கு ஒளி கூட்டியிருக்கிறார். சிறிய விஷயம்தான், ஆனால் விலை பேசும்போது சொல்ல வேண்டிய விஷயம்.

புற ஊதா விளக்கு பெரிய கருவி எதுவும் இல்லை. 365 நானோமீட்டர் என்று போட்ட கைவிளக்கு வேண்டும். கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் மலிவான 395 விளக்கு ஊதா வெளிச்சத்தையே அதிகம் கொட்டும், நுணுக்கம் தெரியாது. அறையை நன்றாக இருட்டாக்கிப் பார்க்க வேண்டும். பழைய கந்தல் தாள் மங்கலான பால் நிறத்தில் தெரியும். தாள் வெள்ளைச் சட்டை போலப் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெளுப்பூட்டி கலந்திருக்கிறது, 1950ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ செய்த தாள். படத்தை அப்படியே வைத்துவிட்டு வரலாம். இந்தப் படத்தின் தாள் மங்கலாகவே இருக்கிறது. மவுண்ட் அட்டைதான் பளீரென்கிறது, அதாவது அட்டை புதியது.

அச்சா, கையால் எழுதியதா என்ற சந்தேகத்துக்குக் காங்கேயம், கரூர்ப் பக்கம் கல் பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். நம் பகுதியில் அதிகம் ஏமாற்றுவது கையால் வண்ணம் போட்ட அக்வாடின்ட் அச்சுகள்; உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து, வாஷ் போன்ற நிழல் வரும்படி அச்சிடும் முறை அது. தாமஸ் டேனியல், அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியல் இருவரும் 1792இல் ஓசூர், ராயக்கோட்டை வழியாக வந்து மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். அவர்கள் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 144 இந்தியக் காட்சிகளும் அக்வாடின்ட் அச்சுகளே. சட்டம் போட்டு மாட்டிவிட்டால் மூலப்படம் போலவே இருக்கும். லென்ஸில் வானத்தைப் பாருங்கள்: அக்வாடின்டில் வண்ணத்துக்கு அடியில் நுண்ணிய வளையங்களாகச் சிதறிய மணற்பரப்பு போன்ற அச்சு தெரியும். கையால் போட்ட வாஷில் அது இருக்காது; நிறம் தாளின் குழிகளில் தங்கியிருக்கும், வாஷ் முடியும் இடத்தில் கொஞ்சம் கருத்த கரை கட்டியிருக்கும். பென்சில் கோடு சாய்ந்த வெளிச்சத்தில் மினுங்கும். இந்தப் படத்தில் கரையும் இருக்கிறது, மினுக்கமும் இருக்கிறது.

மற்றச் சேதங்கள். வானத்தில் பதினைந்துக்குக் குறையாத பழுப்புப் புள்ளிகள். ஈரத்தில் பூஞ்சையும் தாளில் கிடக்கும் இரும்புத் துகளும் சேர்ந்து உண்டாக்குவது, இதை ஃபாக்சிங் என்பார்கள். இடது ஓரத்தில் 18 மி.மீ. கிழிசல், பின்னால் செலோடேப். டேப்பின் பசை தாளுக்குள் இறங்கி முன்பக்கம் எண்ணெய்க் கறை போல மஞ்சளாகத் தெரிகிறது. இதுதான் அவசரமாகக் கவனிக்க வேண்டியது, வருஷம் போகப் போக அந்தக் கறையைக் கரைப்பது கடினமாகும். கீழ் ஓரத்தில் வெள்ளிப்பூச்சி மேய்ந்த தடம் இருக்கிறது; பழைய தாளுக்கு விறைப்புக் கொடுக்கப் போடும் ஜெலட்டின் அதற்குப் பிரியமான உணவு. பின்பலகை பிளைவுட். அதன் அமிலம் தாளின் முதுகைப் பழுப்பாக்கத் தொடங்கிவிட்டது. கண்ணாடி படத்தைத் தொட்டபடி இருக்கிறது. ஈர நாளில் உள்ளே வியர்த்தால் வேலம்பிசின் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது வண்ணம் கண்ணாடியோடு வரும்.

வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோனதும் செய்ய வேண்டியது ஒன்றே: பிளைவுட்டையும் கண்ணாடி இடைவெளியையும் சரிசெய்வது. தாளில் எதுவும் செய்யக் கூடாது. ரப்பர் போட வேண்டாம், ரொட்டித் துண்டால் தேய்க்க வேண்டாம், ஈரத் துணி வேண்டாம், பூஞ்சை போகட்டும் என்று வெயிலில் காட்டவே வேண்டாம். வேலம்பிசின் வண்ணம் இருநூறு வருஷம் கழித்தும் தண்ணீரில் இளகும். டேப்பை எடுப்பதும் கிழிசலைச் சேர்ப்பதும் காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. நமக்கு அருகில் பெங்களூர் சித்ரகலா பரிஷத்தில் இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு நடத்தும் பாதுகாப்பு மையம் இருக்கிறது.

ஃபிரேம் கடைக்காரரிடம் எழுதியே கொடுத்துவிடுவது நல்லது. முன் மவுண்ட்டும் பின் அட்டையும் அமிலமில்லாத, முழுப் பருத்தி அட்டை. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி. படத்தை அட்டையில் முழுக்க ஒட்டக் கூடாது. மேல் ஓரத்தில் இரண்டு சிறிய ஜப்பான் காகிதக் கீல், கோதுமை மாவுச்சத்துப் பசை. வெள்ளைப் பசையும் இரட்டைப் பக்க டேப்பும் கிட்டவே வரக் கூடாது. கடைகளில் காய்ச்சும் மைதாப் பசையில் துத்தம் கலப்பது உண்டு, அதுவும் ஆகாது. மவுண்ட்டின் ஜன்னலைப் பழைய அளவிலேயே வெட்டச் சொல்லுங்கள். பெரிதாக வெட்டினால் அந்த நீலப் பட்டை வெளிச்சத்துக்கு வந்து பத்து இருபது வருஷத்தில் அதுவும் போய்விடும். படத்தின் உண்மையான வானத்துக்கு மிஞ்சிய ஒரே சாட்சி அந்த 4 மி.மீ.தான்.

மாட்டும் இடம். நீர்வண்ணத்துக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் ஒளி அளவு 50 லக்ஸ். நேர் வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். ஒரு மணி நேரம் வெயில் பட்டால், 50 லக்ஸில் 2000 மணி நேரம் மாட்டியதற்குச் சமம். நாளைக்கு எட்டு மணி நேரமென்றால் 250 நாள். ஒளியின் சேதம் கூடிக்கொண்டே போகும் கணக்கு, விளக்கை அணைத்தால் கழியாது. தொட்டிக்கட்டு வீட்டின் ஆசாரத்தில் மாட்ட ஆசையாக இருக்கும். வாசல் வெளிச்சம் நேராக வந்து விழும் இடம், வேண்டாம். உள்ளறையில், ஜன்னல் இருக்கும் அதே சுவரில் மாட்டினால் நேர் ஒளி படாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி ஆடியில் ஈரத்தோடு அடிக்கும் பொள்ளாச்சி, கோவைப் பக்கத்தில் மேற்குப் பார்த்த வெளிச்சுவர் ஆகாது, ஓதம் ஏறும். ஃபிரேமின் பின் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். பூஜை அறைப் பக்கம் வேண்டாம், சாம்பிராணிப் புகை தாளில் படியும். ஊட்டி, குன்னூர் வீடுகளில் மழைக்காலம் முழுதும் இறக்கி, அமிலமில்லாத உறையில் போட்டு, உலர்ந்த அலமாரியில் வைப்பதே உத்தமம்.

இனி பணம். கையொப்பமில்லாத, இந்த அளவுள்ள, 1800ஐ ஒட்டிய நிலக்காட்சிகள் இங்கிலாந்தின் சிற்றூர் ஏலங்களில் பெரும்பாலும் சில நூறு பவுண்டுகளுக்குள் போகின்றன. வெளுத்தவை அதிலும் கீழே. சாண்ட்பி பெயர் ஒட்டினால்தான் கணக்கு ஆயிரங்களுக்கு ஏறும், அந்தப் பெயருக்கு இங்கே இடமில்லை. இன்னொன்றும் இருக்கிறது, அதைக் கடைகள் சொல்வதில்லை. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டத்தின்படி நூறு வருஷம் கடந்த ஓவியம் தொல்பொருள். இங்கிலாந்தில் எழுதியதானாலும் அப்படித்தான். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. லண்டன் ஏலத்தில் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் லண்டன் விலை கொடுப்பது வீண். இந்தப் படத்தை மறுபடி விற்பதென்றால் இந்தியாவுக்குள் ஒரு ஆளைத் தேட வேண்டும், அப்படிப்பட்டவர்கள் குறைவு. அதே சட்டப்படி விற்கும் கடைக்கு உரிமம் இருக்க வேண்டும், ஓவியத்தைத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். பணம் எண்ணுவதற்கு முன் உரிம எண்ணையும், முன்பே பதிந்திருந்தால் பதிவுச் சான்றையும் கேளுங்கள்.

எங்கள் மதிப்பு 45,000 முதல் 55,000 ரூபாய். செலோடேப் வேலையும் புது ஃபிரேமும் வாங்குகிறவர் தலையில் விழும் என்பதால் 40,000இல் பேச்சைத் தொடங்கலாம். கடை 60,000க்குக் கீழே இறங்காவிட்டால் விட்டுவிடலாம். வெளுக்காத சிறிய படம் ஒன்று அந்தப் பணத்துக்குக் கிடைக்கும். கையளவு இருந்தாலும் நீலம் நீலமாக இருக்கும். பேரம் படிந்தால் பில்லில் 'ஆங்கிலப் பள்ளி, சுமார் 1810, செப்ஸ்டோ கோட்டை, நீர்வண்ணம், வாட்மன் 1805 நீர்க்குறி, வானம் வெளுத்தது, பாயில் பிற்கால வெள்ளை' என்று எழுதி வாங்குங்கள். 'ஆங்கிலப் பள்ளி' என்றால் பெயர் தெரியாத ஆங்கில ஓவியர் என்று பொருள். அளவும், முன்பின் இரண்டு பக்கப் புகைப்படமும் அதோடு இருக்கட்டும். சாண்ட்பி பெயர் எழுதிய பழைய சீட்டைப் படத்தோடு வாங்கி வராதீர்கள்.

எடுத்துவரும்போது கண்ணாடி மேல் பேப்பர் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டச் சொல்லுங்கள், உடைந்தால் சில்லு தாளில் விழாது. படுக்கையாக, படம் மேல்நோக்கி இருக்கும்படி காரின் பின்சீட்டில் வையுங்கள். டிக்கியில் வேண்டாம், கோடையில் அங்கே ஏறும் சூட்டில் செலோடேப்பின் பசை இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும்.